ஒரு பழைய ஆங்கிலப் படமும் பொயின்ற்ஸ்மன் பாலண்ணையும்

1

நாங்கள் ரொறன்ரோவில் வந்து இறங்கிய நாளை என் மனைவி ஸ்டெல்லா ஒவ்வொரு வருடமும் கொண்டாடுவாள். காலையில் கோயிலில் ஒரு பூசை, பின்னேரம் ஒரு கேக். ஏழாவது வருடம் அந்த நாள் ஒரு சனிக்கிழமையில் வந்தது. கார்களுக்குப் பக்கக் கண்ணாடிக் கூடு வார்க்கும் தொழிற்சாலையில் எனக்கு அன்று விடுமுறை. ஸ்காபரோவில் எங்கள் பதினோராம் மாடி வீட்டில், கேக் அடுப்பில் வேக, நான் தோய்த்த உடுப்புகளை மடித்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தேன். விளம்பரம் போடாத ஒரு சனலில் பழைய கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படம் ஒன்று தொடங்கியது.

முதல் ஐந்து நிமிடம் அரைக் கண்ணால்தான் பார்த்தேன். ஒரு மனிதர் பெட்டியும் தொப்பியுமாக, மனித நடமாட்டமே இல்லாத ஒரு நாட்டுப்புற ரயில் நிலையத்தில் இறங்குகிறார். புதிதாக வந்த ஸ்டேஷன் மாஸ்ரர். அவரை வரவேற்க ஆளில்லை. உள்ளே போனால் ரிக்கற் கொடுக்கும் யன்னலில் ஒரு கிழவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறார். வரும் ரயிலெல்லாம் நிற்காமல் போகிறது. மாஸ்ரர் தொப்பியைச் சரி செய்துகொண்டு, போகும் ரயிலுக்குக் கொடி காட்டுகிறார். கொடியையும் காற்று பறித்துக்கொண்டு போகிறது.

நான் கையிலிருந்த சட்டையோடு எழுந்து நின்றுவிட்டேன்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நான் யாரென்று இன்னும் சொல்லவில்லை. இலங்கையில் மன்னார் ரயில் பாதையில், காட்டுக்கும் வயலுக்கும் நடுவில் இருந்த ஒரு சின்ன நிலையத்தில் ஒன்பது வருடம் ஸ்டேஷன் மாஸ்ரராக இருந்தவன் நான். நாளுக்கு நான்கு வண்டி. அதில் இரண்டு நிற்காது. எங்கள் கடிகாரம் ஓடியதைவிட நின்ற நேரம் அதிகம். சிக்னல் விளக்குக்கு வரும் மண்ணெண்ணெயில் பாதி எங்கே போகிறதென்று எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் கேட்கமாட்டார்கள். அந்தப் படத்தை எடுத்தவர் இங்கிலாந்தை விட்டு வெளியே போயிருப்பாரோ தெரியாது. ஆனால் எங்கள் நிலையத்தை அவர் அப்படியே எடுத்து வைத்திருந்தார்.

"ஸ்டெல்லா, இஞ்ச ஓடி வாரும், எங்கட ஸ்டேஷனைக் காட்டுறான்" என்றேன்.

அவள் கையில் மாவோடு வந்து எட்டிப் பார்த்தாள். "வெள்ளைக்காரனெல்லே நிக்கிறான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். மகள் ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். வீட்டில் அவள் ஜெசிந்தா, ரெலிபோனில் ஜெஸ். பதினைந்து வயது. "அப்பா, இற்ஸ் நொற் ஈவன் இன் கலர்" என்று அறைக்குள் இருந்தே பதில் வந்தது.

படத்தில் இப்போது சரக்குப் பெட்டிகளைப் பாதை மாற்றப் போகிறார்கள். கிழவர் நெம்புகோலில் தொங்குகிறார், நெம்புகோல் அசையவில்லை. காலால் உதைக்கிறார். பிறகு அதனோடு பேசிப் பார்க்கிறார். எனக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. தனியாகச் சிரிக்க முடியாத சிரிப்பு அது. இந்த நகரத்தில் எத்தனையோ ஆயிரம் தமிழர்கள். அந்த நெம்புகோலைப் பார்த்துச் சிரிக்கக்கூடியவர் அதில் ஒருவர்தான் இருந்தார். நான் டயரியைத் தேடி எடுத்து நம்பரை அழுத்தினேன்.

மணி அடிக்கத் தொடங்கிய பிறகுதான் நினைவு வந்தது, அவரும் நானும் பேசி பதினாறு வருடம் என்று.

2

எங்கள் நிலையத்தின் பொயின்ற்ஸ்மன் பாலசுந்தரம். தண்டவாளம் பிரியும் இடத்தில் நெம்புகோலை இழுத்து வண்டியை இந்தப் பாதைக்கோ அந்தப் பாதைக்கோ திருப்பி விடுகிறவர். பதவியில் எனக்குக் கீழே, வயதில் எனக்கு மூத்தவர். அதனால் எனக்கு அவர் பாலண்ணை, அவருக்கு நான் மாஸ்ரர். ரொறன்ரோவின் மற்றக் கோடியில், ரெக்ஸ்டேலில் இருக்கிறார் என்று யாரோ சொல்லி நம்பரும் தந்திருந்தார்கள். நான்கு வருடத்துக்கு முன் ஒரு கலியாண மண்டபத்தில் எதிரெதிரே கண்டோம். அவர் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார்.

"ஹலோ" என்றது அவருடைய குரல்.

வைத்துவிடலாம். வைக்கவில்லை. "பாலண்ணை, ரீவியைப் போடுங்கோ" என்றேன்.

ஆரென்று அவர் கேட்கவில்லை. குரலிலேயே என்னை அடையாளம் கண்டுவிட்டார்.

"எத்தினையாம் சனல்?" என்று கேட்டார்.

சொன்னேன். ரெலிபோனுக்குள்ளே கதிரை இழுபடும் சத்தம். பிறகு படத்தின் சத்தம் என் வீட்டிலும் அவர் வீட்டிலுமாக இரண்டு தரம் கேட்டது. முதலில் அவரிடம் இருந்து மூச்சு மட்டும் வந்தது. கிழவர் நெம்புகோலுக்கு எண்ணெய் விடப் போய், எண்ணெய்க்குப் பதிலாகச் சீனிப்பாகை ஊற்றுகிற இடத்தில், "சனியன்" என்றார் பாலண்ணை. அதற்குப் பிறகு சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்தேன். ஒருவருக்கொருவர் ஒன்றும் பேசாமல், ரொறன்ரோவின் இரண்டு தொங்கல்களில் இருந்து, ஒரு ரெலிபோன் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு கிழட்டு ரயில்காரர் சிரித்தோம்.

"மாஸ்ரர், உவன் கொடியைத் தலைகீழாப் பிடிச்சிருக்கிறான்."

"ஓம் ஓம், நான் பாத்தனான்."

"எங்கட ரயில் கார்ட் சில்வாவும் உப்பிடித்தான்."

ஜெசிந்தா அறையால் வெளியே வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "அப்பா, ஐ நீட் த ஃபோன்." நான் கையை ஆட்டி அவளை விரட்டினேன். என் கண்ணில் நீர் வழிவதைக் கண்டு அவள் போகாமல் நின்றாள். அப்பா இப்படிச் சிரிப்பதை அவள் அதற்கு முன் கண்டிருக்கமாட்டாள்.

பிறகு அந்த இடம் வந்தது. படத்தில் மாஸ்ரர் ஒரு கட்டளையைக் கிழவருக்குச் சொல்ல மறந்துவிடுகிறார். பெட்டிகள் பிழையான பாதையில் போய் ஒரு கோழிக் கூட்டுக்குள் நுழைகின்றன. மேலதிகாரி வந்து கேட்க, மாஸ்ரர் கொஞ்சமும் யோசிக்காமல் கிழவரைக் கை காட்டுகிறார். கிழவர் வாயைத் திறந்தபடி நிற்கிறார். நல்ல நகைச்சுவை. எந்த நாட்டு மக்களும் அதில் சிரிப்பார்கள்.

ரெலிபோனின் மறுமுனையில் சத்தம் இல்லை. என்னிடமும் இல்லை.

"சிரியுங்கோ, மாஸ்ரர்" என்றார் பாலண்ணை. குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ரெலிபோனை அவர் துண்டிக்கவில்லை. மேசையில் போட்டுவிட்டு எழுந்து போகிற காலடி கேட்டது. சற்று நேரத்தில் அவருடைய மனைவி புஷ்பமக்கா எடுத்தா.

3

நடந்தது இதுதான். சீமெந்து ஏற்றிய மூன்று பெட்டிகளை ஒரு பின்னேரம் ஓரப் பாதைக்குத் தள்ள வேண்டியிருந்தது. எங்களிடம் இரண்டு ஓரப் பாதை. ஒன்று நீளம். மற்றது குட்டை, முடிவில் மண் மேடு. குட்டைப் பாதைக்குத் திருப்பச் சொல்லிப் பாலண்ணையிடம் சொன்னேன். அவர் திருப்பினார். அதற்குள் கொன்ற்றோல் அறையில் இருந்து ரெலிபோன் வந்தது: திட்டம் மாறிவிட்டது, நீளப் பாதையில் போடு. நான் வெளியே வந்து எஞ்சின் சாரதியிடம் சொன்னேன். பாலண்ணையிடமும் சொன்னதாக நினைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நீளப் பாதை என்று நம்பிய சாரதி வேகமாகத் தள்ளினார். பெட்டிகள் குட்டைப் பாதையில் போய், மண் மேட்டைத் தாண்டி வயலுக்குள் விழுந்தன. யாருக்கும் காயமில்லை. சீமெந்து வயல் தண்ணீரில் கரைந்து மூன்று நாளில் கல்லாகிவிட்டது.

விசாரணைக்கு அதிகாரிகள் அனுராதபுரத்தில் இருந்து வந்தார்கள். பொயின்ற்ஸ்மனுக்குச் சொன்னாயா என்று கேட்டார்கள். சொன்னேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். பாலண்ணை, எனக்குச் சொல்லவில்லை என்றார். மாஸ்ரரின் சொல் நின்றது. அவரை எட்டு மாதம் சம்பளமில்லாமல் வேலையில் இருந்து நிறுத்தினார்கள். பிறகு தூர இடம் ஒன்றுக்கு மாற்றினார்கள்.

கையெழுத்து வைத்தபோது சொன்னேன் என்றே நம்பினேன். அது உண்மை. ஆனால் மறுநாள் காலையில் முகம் கழுவும்போது ஒவ்வொரு அடியாக நினைவு வந்தது. கதவால் வந்தேன். சாரதியிடம் போனேன். திரும்பினேன். பாலண்ணை நின்ற பக்கம் நான் போகவே இல்லை. அதிகாரிகள் அன்று மத்தியானம் வரை வாடி வீட்டு விடுதியில்தான் தங்கியிருந்தார்கள். சைக்கிளில் போனால் பத்து நிமிடம். நான் போகவில்லை.

4

புஷ்பமக்கா ரெலிபோனில் சுகம் விசாரித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினா.

"தம்பி, இவருக்கு ரயில் வேலை ஒண்டு சரிவரப் பாக்குது. இஞ்சத்தைய சரக்கு ரயில் யார்ட்டில. சோதினை பாஸ், உடம்புச் சோதினையும் பாஸ். வியாழக்கிழமை கடைசி இன்ரவியூ."

"நல்லதுதானே அக்கா."

"விண்ணப்பப் போமில கேட்டிருக்கிறாங்கள், எப்பவாவது வேலையில இருந்து நிப்பாட்டினதோ எண்டு. இவர் ஓம் எண்டு எழுதிப்போட்டார். பொய் எழுதமாட்டன் எண்டுட்டார். இப்ப அவங்கள் கேக்கிறாங்கள், ஏன் நிப்பாட்டினது, அப்ப மேல இருந்தவரிட்டக் கடிதம் ஒண்டு கொண்டுவா எண்டு. கொழும்புக்கு மூண்டு கடிதம் போட்டம். பதில் இல்லை. உங்களிட்டக் கேளுங்கோ எண்டு சொன்னனான். கேக்கமாட்டன் எண்டு நிக்கிறார்."

இந்த நாட்டில் ரயில் வேலைக்கு எங்கள் ஆட்கள் விண்ணப்பிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரியாது. நான் வந்த புதிதில் வேலை வாய்ப்பு அலுவலகத்தில் "ஸ்டேஷன் மாஸ்ரர்" என்று சொன்னேன். அந்தப் பெண் அனுதாபத்தோடு தலையை ஆட்டி, பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தவர் என்று எழுதி, பெற்றோல் அடிக்க அனுப்பிவிட்டாள். பாலண்ணைக்கு இன்னும் மோசம், புஷ்பமக்கா சொன்னா. தண்டவாளத்துக்குக் கீழே போடும் கட்டைகளை நாங்கள் சிலீப்பர் என்போம். "ஐ சேஞ்ச் சிலீப்பர்ஸ்" என்று அவர் சொல்ல, ஒரு ஹொட்டேலில் படுக்கை விரிக்கும் வேலைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்களாம். இங்கே பொயின்ற்ஸ் என்றால் ஒருவருக்கும் விளங்காது. சுவிட்ச் என்க வேண்டும். எழுத்துச் சோதனையில் "சுவிட்சை எப்போது போடுவாய்" என்று கேட்டிருக்க, இவர் முதலில் இருட்டும்போது என்று எழுதி, பிறகு கேள்வியைத் திரும்ப வாசித்து வெட்டினாராம். இதையெல்லாம் தாண்டி, ஐம்பது வயதில், வாசல்வரை வந்து நிற்கிறார். உள்ளே போவதற்கு என் கையெழுத்து வேண்டும்.

"நான் எழுதித் தாறன், அக்கா" என்றேன்.

ரெலிபோனை வைத்தேன். பதினாறு வருடத்துக்குப் பிறகு, அந்தப் பத்து நிமிடச் சைக்கிள் பாதை மறுபடி எனக்கு முன்னால் திறந்திருந்தது.

5

கடிதத்தைச் சத்தியக் கடிதமாகவே கொடுக்கலாம் என்று, திங்கட்கிழமை வேலை முடிந்து, எங்கள் பிளாசாவில் இருக்கும் தமிழ் வழக்கறிஞரிடம் போனேன். நல்ல பொடியன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேனையை மூடினார்.

"அங்கிள், உங்கட கனடா சிற்றிசன் விண்ணப்பம் இன்னும் உள்ளுக்க கிடக்குது. அரசாங்க விசாரணையில பொய் சொன்னனான் எண்டு இப்ப சத்தியம் பண்ணிக் குடுக்கப் போறியளோ?"

"ஏன், பிழையாப் போகுமோ?"

"போகும் எண்டும் சொல்லேலாது, போகாது எண்டும் சொல்லேலாது. உங்கட இடத்தில நான் இருந்தா, ஏதோ தொடர்பு பிசகிப் போச்சு எண்டு பொதுவா எழுதுவன். ஒருத்தருக்கும் சேதமில்லை."

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் சொன்னேன். முழுக் கதையையும் அவளுக்குச் சொன்னதும் அன்றுதான். அவளுடைய தாய் திருச்சியில் அகதி முகாமில் இருக்கிறா. கனடாக் கடவுச்சீட்டு கிடைத்த மறுவாரம் போய்ப் பார்ப்பதென்று மூன்று வருடமாக ஸ்டெல்லா நாள் எண்ணுகிறாள்.

"பதினாறு வருசத்துக்கு முந்தின சீமெந்து மூட்டைக்கு இப்ப ஏன் சத்தியம்?" என்றாள். "அம்மாவுக்கு எழுபத்தாறு வயசு. அதை யோசிச்சனீங்களோ?"

யோசித்திருந்தேன்.

அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரங்கள் தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டன. நான் சாப்பாட்டு மேசையில் தாளை வைத்துக்கொண்டு இருந்தேன். வழக்கறிஞர் சொன்ன மாதிரி எழுதினால் எல்லாருக்கும் நல்லது போலத்தான் பட்டது. பாலண்ணைக்கும் கடிதம் கிடைக்கும். ஸ்டெல்லாவுக்கும் பயணம் கிடைக்கும்.

ஆங்கிலத்தில் ஒழுங்காக எழுத ஜெசிந்தாவைக் கூப்பிட்டேன். பள்ளிக்கூடத்துக்காக வாங்கிய கொம்பியூட்டரில் அவள் இருந்தாள், நான் பின்னால் நின்று சொன்னேன். பெயர், பதவி, நிலையம், காலம். பிறகு, "அன்று தொடர்பு பிசகியதால் ஒரு விபத்து ஏற்பட்டது" என்றேன்.

விரல்கள் நின்றன. "ஹூ மெஸ்ட் அப்?"

"என்ன?"

"ஆர் பிழை விட்டது, அப்பா? இவர் பிழை விட்டாரோ இல்லையோ எண்டுதானே அவங்களுக்குத் தெரியவேணும்? திஸ் சென்ரென்ஸ் சேய்ஸ் நதிங்."

"நான்தான்."

"நீங்களோ?"

"நான் அவருக்குச் சொல்லேல்லை. சொன்னனான் எண்டு எழுதிக் குடுத்தனான்."

அவள் கதிரையோடு திரும்பி என்னைப் பார்த்தாள். "ஸோ யூ லைட்."

நீங்கள் பொய் சொன்னீர்கள் என்பது அந்த மொழியில் மூன்று சின்னச் சொற்கள். "அண்டைக்கு மறந்தனான். அடுத்த நாள் தெரியும். தெரிஞ்சும் பேசாமல் இருந்தனான்" என்றேன்.

"அவருக்கு என்ன நடந்தது?"

சொன்னேன். எட்டு மாதம் என்றபோது, சமையலறைச் சத்தம் நின்றிருப்பதைக் கவனித்தேன். ஸ்டெல்லா வாசலில் நின்றாள்.

"அந்த எட்டு மாசமும்" என்றாள் மெதுவாக, "புஷ்பமக்கா ஒருநாள் விட்டு ஒருநாள் எங்கட வளவுக்கு வருவா. முருங்கையிலை ஆய. எனக்கு விளங்கேல்லை, ஏன் இந்த மனுசி இவ்வளவு முருங்கையிலை தின்னுது எண்டு. சிரிச்சும் இருக்கிறன்." ஈரக் கையை உடுப்பில் துடைத்தாள். "எழுதுங்கோ. நடந்தது நடந்த மாதிரி எழுதுங்கோ."

"உம்மட அம்மாவோ?" என்றேன்.

"அம்மாவுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன்."

ஜெசிந்தா முந்திய வரியை அழித்தாள். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் இறக்கினாள். சின்னச் சின்ன வசனங்கள். நான் அவருக்குச் சொல்லவில்லை. சொன்னதாக விசாரணையில் எழுதினேன். மறுநாள் உண்மை நினைவுக்கு வந்தும் திருத்தவில்லை. அவர் தனக்குச் சொல்லப்பட்டதைச் சரியாகச் செய்தார். கடைசி வசனத்தை நான் சொல்லவில்லை, அவளே சேர்த்தாள்: என்னோடு வேலை செய்தவர்களில் மிகக் கவனமானவர் அவர். "இற்ஸ் ட்ரூ, ரைற்?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

செவ்வாய்க்கிழமை வழக்கறிஞர் அதைப் படித்தார். என்னை வலது கையை உயர்த்தச் சொல்லி, சத்தியம் வாங்கி, முத்திரை குத்தினார்.

6

ரெக்ஸ்டேலுக்கு இரண்டு பஸ், ஒரு சப்வே, பிறகும் ஒரு பஸ். புதன்கிழமை பின்னேரம், கார் ஸ்டெல்லாவிடம் இருந்ததால், அப்படித்தான் போனேன். கதவைத் திறந்த புஷ்பமக்கா என்னைப் பார்த்து, உள்ளே பார்த்து, வழி விட்டா. பாலண்ணை கண்ணாடி போட்டுக்கொண்டு இங்கத்தைய ரயில் விதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. எழும்பவில்லை.

கடிதத்தை மேசையில் வைத்தேன். அவர் எடுத்து, விரலை வரிக்குக் கீழே வைத்து மெதுவாக வாசித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. திரும்ப அந்த வரியின் தொடக்கத்துக்குப் போனது. மறுபடியும் வாசித்தார்.

"இது மெய்யோ, மாஸ்ரர்? இல்லாட்டி எனக்கு உதவி செய்யிறதுக்கு எழுதினதோ?"

"மெய், பாலண்ணை."

"நீங்கள் எனக்குச் சொல்லேல்லை."

"சொல்லேல்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள் படிச்ச மனுசன், கோயிலுக்குப் போற மனுசன். சொன்னனான் எண்டு அவ்வளவு உறுதியாச் சொல்லேக்க, சொல்லித்தான் இருப்பியள், எனக்குத்தான் கேக்கேல்லை எண்டு நினைச்சன். எஞ்சின் இரைச்சல். காதில பிழையாக்கும் எண்டு. அனுராதபுரத்தில டொக்டரிட்டக் காட்டினன். கொழும்பில காட்டினன். இஞ்ச வந்தும் மெசின் வச்சுப் பாத்தவங்கள். ஒரு பிழையும் இல்லையாம். பதினாறு வருசம், மாஸ்ரர். ஆராவது என்னோட கதைச்சா, ரெண்டாந்தரம் கேட்டுத்தான் பதில் சொல்லுவன்."

அவர் என்மேல் கோபமாக இருந்தார் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். கலியாண மண்டபத்தில் தட்டை எடுத்துக்கொண்டு போனது வெறுப்பில் என்று நினைத்தேன். தன் காதைத் தானே நம்பாமல் ஒரு மனிதர் வெட்கத்தில் எழுந்து போனார் என்று எனக்கு எப்படித் தெரியும்.

"என்னை மன்னியுங்கோ" என்றேன். அந்தச் சொல் எவ்வளவு சின்னதாக இருந்தது என்று எழுதி விளங்கப்படுத்த முடியாது.

அவர் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கடிதத்தை மடித்து விதிப் புத்தகத்துக்குள் வைத்தார். "நாளைக்கு ஒன்பதரைக்கு. யார்ட் பக்கம் பஸ் இல்லை" என்றார்.

"நான் காரில கூட்டிக்கொண்டு போறன்."

"வேலை?"

"லீவு போடுறன்."

"அப்ப எட்டரைக்கு வாங்கோ" என்றார். புஷ்பமக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. எனக்கும் சேர்த்து.

7

வியாழக்கிழமை யார்ட்டின் கார் தரிப்பிடத்தில் ஒன்றே முக்கால் மணித்தியாலம் காத்திருந்தேன். ஜெசிந்தா பிறந்தபோது ஆஸ்பத்திரியில்கூட நான் இப்படிக் காத்திருந்ததில்லை. ஹீற்றரைப் போட்டேன், நிறுத்தினேன், இறங்கி நடந்தேன், திரும்ப ஏறினேன். வேலிக்கு அப்பால் பெட்டிகள் ஒன்றோடொன்று கொழுவும் சத்தம். அந்தச் சத்தத்துக்கு நாடு கிடையாது. எங்கே கேட்டாலும் அதே சத்தம்தான்.

பாலண்ணை வெளியே வந்தார். நடையில் இருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. காருக்குள் ஏறி, பெல்ற்றைப் போட்டு, கையுறைகளை மடியில் வைத்தார்.

"இன்ரவியூ எடுத்த மூண்டு பேரும் கடிதத்தை வாசிச்சவை. நடுவில இருந்த மனுசி கேட்டா, மேல இருக்கிறவன் பிழையான பக்கம் திருப்பச் சொல்லுறான் எண்டு உனக்குப் பட்டால் என்ன செய்வாய் எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"திரும்பக் கேப்பன் எண்டன். அவன் திரும்பவும் அதையே சொன்னால் எண்டு கேட்டா. இன்னொருக்காக் கேப்பன் எண்டன். மூண்டாந்தரமும் அதையே சொன்னால், நீயே இறங்கி வந்து இழு எண்டு சொல்லுவன் எண்டன்."

"ஐயோ பாலண்ணை."

"மூண்டு பேரும் சிரிச்சுப்போட்டினம். ஓரத்தில இருந்த தாடிக்காரன், இருபத்தஞ்சு வருசம் யார்ட்டில நிண்டவனாம், அவன் மேசையில அடிச்சுச் சிரிக்கிறான்." பாலண்ணை முன் கண்ணாடியால் பார்த்துக்கொண்டே சொன்னார்: "திங்கட்கிழமை வரட்டாம். ஆறு கிழமை பயிற்சி. சப்பாத்துக்கு அளவும் எடுத்தாச்சு."

நான் ஹோர்னை அடித்துவிட்டேன். வேண்டுமென்று அல்ல, கை போய் விழுந்துவிட்டது. தரிப்பிடத்தில் நடந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பாலண்ணைக்குச் சிரிப்பு வந்தது. வீடு வரும்வரை அவர் பேசிக்கொண்டே வந்தார். இங்கே கொடியே இல்லையாம், எல்லாம் வோக்கிரோக்கியாம், பெட்டிகளின் நீளத்தைக் கேட்டால் நம்பமாட்டேனாம். ரெக்ஸ்டேல் வந்த பிறகும் இறங்காமல் கால் மணித்தியாலம் பேசினார்.

என் சிற்றிசன் நேர்முகம் மூன்று மாதம் கழித்து வந்தது. எத்தனை மாகாணம், எதிர்க்கட்சி என்றால் என்ன என்று கேட்டார்கள். கடிதத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கடவுச்சீட்டு கிடைத்ததும் ஸ்டெல்லா திருச்சிக்குப் போய் நான்கு கிழமை தாயோடு இருந்துவிட்டு வந்தாள்.

8

அதற்கெல்லாம் முன்னால், பயிற்சி முடிந்து பாலண்ணை தனியாக வேலை செய்யத் தொடங்கிய முதலாவது ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் பார்க்கப் போனோம். யார்ட்டுக்கு மேலால் ஒரு தெருப்பாலம் போகிறது. அதன் ஓரத்தில் புஷ்பமக்கா, ஸ்டெல்லா, நான், தானாகவே வருகிறேன் என்று சொல்லி வந்த ஜெசிந்தா. குளிர் மூக்கை அரிந்தது. கீழே, பனிக்கு நடுவில், எண்ண முடியாத தண்டவாளங்கள். எங்கள் நிலையத்தைப் போல நூறு நிலையத்தை அதற்குள் தொலைத்துவிடலாம்.

"அங்க, அங்க" என்றா புஷ்பமக்கா. செம்மஞ்சள் மேலங்கி போட்ட ஒரு சின்ன உருவம் பெட்டிகளின் ஓரமாக நடந்து வந்தது. சுவிட்ச் இருக்கும் இடத்தில் குனிந்து, நெம்புகோலைத் தூக்கி மறுபக்கம் சாய்த்தது. பிறகு நிமிர்ந்து, தண்டவாளம் சரியாகப் பொருந்தியதா என்று கிட்டப் போய்ப் பார்த்தது. வோக்கிரோக்கியை வாய்க்குக் கொண்டுபோனது.

"ஆர் அவருக்குச் சொல்லுறது, எங்க திருப்பிறது எண்டு?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. எஞ்சினுக்கு இப்ப அவர்தான் சொல்லுறார்" என்றேன்.

"ஹவ் மெனி கார்ஸ்?" இங்கே ரயில் பெட்டியையும் கார் என்பார்கள்.

"எண்ணிப் பார்."

அவள் எண்ணத் தொடங்கினாள். புஷ்பமக்கா பாலத்தின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றா. பாலண்ணை கையைத் தலைக்கு மேலே உயர்த்தி ஒரு வட்டம் போட்டார். அதைச் செய்ய வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை, வோக்கிரோக்கி இருந்தது. தூரத்தில், நாங்கள் நின்ற இடத்தில் இருந்து கண்ணுக்கே தெரியாத ஒரு முனையில், எஞ்சின் அவர் சொன்னதைக் கேட்டது. இழுவை பெட்டிக்குப் பெட்டி தட்டித் தட்டி எங்களை நோக்கி ஓடி வந்தது. பாலத்துக்குக் கீழே நின்ற பெட்டி ஒருதரம் குலுங்கி, மெல்ல, அவர் திருப்பிவிட்ட பாதையில் நகரத் தொடங்கியது.